ஒரே பற்றுச்சீட்டில் இரண்டு ரப்லெட்

ஒடென்சே
14.09.2025

அன்பின் அக்காவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன். மகள் டிலக்ஷி ஆர்ஹூஸில் அறை எடுத்துப் படிக்கிறாள். மனைவி மனோன்மணி உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

மூன்று வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். நான் உங்களுக்குப் போன் எடுத்தால் நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். ஆகையால் கடிதம்தான் எனக்கு மிஞ்சிய வழி.

சங்கதி இதுதான். நாங்கள் கொரோனா நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக் கதைப்பதற்காக ஒரே மாதிரி இரண்டு ரப்லெட் கணினி வாங்கினேன் அல்லவா, ஒன்று உங்களுக்கு, ஒன்று எனக்கு. அதன் கண்ணாடி சும்மா துடைத்தாலே கீறுப்படுகிறது என்று வாங்கிய சனம் எல்லாம் சேர்ந்து கொம்பனிக்கு எதிராகக் கூட்டு வழக்குப் போட்டிருந்தது. நானும் பெயர் பதிந்து வைத்தேன். இப்போது கொம்பனி வழக்கை இழுக்காமல் இணங்கி வந்துவிட்டது. காசு, அல்லது புதிய ரப்லெட், இரண்டில் ஒன்றை நாங்கள் கேட்கலாம்.

இதில் ஒரு சிக்கல். இரண்டையும் ஒரே பற்றுச்சீட்டில் வாங்கியபடியால் இரண்டுக்கும் ஒரே தெரிவுதான் செய்யலாமாம். ஒன்றுக்குக் காசு, மற்றதற்கு ரப்லெட் என்று பிரித்துக் கேட்க முடியாது. பாவிக்கிற இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும். நவம்பர் முடிவுக்குள் அனுப்ப வேண்டும்.

காசாகவே எடுப்போம் என்று நினைக்கிறேன். அந்த ரப்லெட்டுகளால் இனி யாருக்கு என்ன பிரயோசனம். உங்கள் பங்கை உடனே அனுப்பிவிடுவேன். உங்களுடையதன் பின்பக்கத்தில் ஒரு நீண்ட இலக்கம் இருக்கும். அதை மட்டும் எழுதி அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
தம்பி
இராஜநாயகம்


சிவமயம்

ரண்டர்ஸ்
22.09.2025

அன்புள்ள தம்பி நாயகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடித உறையில் உன் கையெழுத்தைக் கண்டதும் யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்றுதான் பயந்தேன். திறந்து பார்த்தால் ரப்லெட். மூன்று வருடமாக அக்கா உயிரோடு இருக்கிறாளா என்று எட்டிப் பார்க்காதவனை ஒரு கொம்பனி வந்துதான் எழுத வைத்திருக்கிறது. அந்தக் கொம்பனி நன்றாக இருக்கட்டும்.

கடிதத்தின் தலையில் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறாய். முந்தி "கர்த்தருக்குள் அன்பான" என்று தொடங்குவாய். என் மனம் நோகக்கூடாது என்று விட்டாயோ, இல்லை எனக்கு அதுவும் தேவையில்லை என்று விட்டாயோ தெரியவில்லை. நீ எழுதினால் நான் வாசிப்பேன். நான் சிவமயம் போட்டிருக்கிறேன், நீயும் வாசி.

இலக்கத்தை எழுதுவதற்கு முன் நீ எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். கொம்பனியின் கடிதத்தில் திருநீறு என்று ஏதாவது எழுதியிருக்கிறார்களா? ஏன் கேட்கிறேன் என்று உனக்குத் தெரியும். அத்தானுடைய திவசத்தன்று, சாப்பிட வந்த சனத்துக்கு முன்னால், மேசையில் இருந்த ரப்லெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு நீ என்ன சொன்னாய்? "இதென்ன அக்கா, திருநீற்றுக் கையோட தேய்ச்சுத் தேய்ச்சு அரத்தாலை அராவின மாதிரிக் கிடக்கு." எல்லாரும் சிரித்தார்கள். என் சிநேகிதி தவமலர்கூடச் சிரித்தாள். அதற்குப் பிறகு சிரித்த முகத்தோடு எனக்குப் பாயாசம் பரிமாற ஏலாமற் போய்விட்டது.

நானும் சும்மா இருக்கவில்லை. "என்ர வீட்டிலை திருநீறு இருக்கும். பிடிக்காட்டி வாசல் அங்கை" என்றேன். நீ ஜக்கெட்டை எடுத்துக்கொண்டு போனாய். போன ஆள் போன ஆள்தான்.

நான் எப்போது உன் போனை வைத்தேன்? நீ போன் எடுத்ததே எனக்குத் தெரியாது.

காசு எனக்கு வேண்டாம். புதிய ரப்லெட்டாகவே கேள்.

இப்படிக்கு,
அக்கா
ராசமலர்


ஒடென்சே
03.10.2025

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடியே தொடங்கியிருக்கிறேன்.

கொம்பனியின் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டேன். திருநீறு என்று ஒரு இடத்திலும் இல்லை. கண்ணாடியின் மேற்பூச்சு பலமில்லாமல் இருந்திருக்கிறது. மெல்லிய துணி, கைப்பை, வீட்டில் இருக்கிற சாதாரண தூசி, இவற்றாலேயே கீறல் விழுந்தது என்று எழுதியிருக்கிறார்கள். என்னுடையதும் அப்படித்தான் கெட்டது. மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியால்தான் துடைத்தேன். எங்கள் வீட்டில் திருநீறு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

போன் விஷயம். திவசம் முடிந்து வந்த டிசெம்பரில் நத்தாருக்கு எடுத்தேன். "அக்கா, நான் நாயகம்" என்றேன். திரும்பவும் சொன்னேன். நீங்கள் டெனிஷில் "பிழையான நம்பர்" என்று சொல்லிவிட்டு வைத்தீர்கள். அடுத்த சித்திரைக்கும் எடுத்தேன். அதே பதில். சொந்தத் தம்பியைப் பிழையான நம்பர் என்று சொன்ன பிறகு ஒரு மனிசன் இன்னும் எத்தனை தரம் எடுப்பான்? இரண்டாம் முறை நான் மனோன்மணிக்கு ஒன்றும் சொல்லாமல் குளிக்கும் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன்.

அதை விடுவோம். காசாக எடுப்பதுதான் புத்தி. வீட்டில் இப்போது எல்லாரிடமும் போன் இருக்கிறது. ரப்லெட்டை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? ரி.வி. பார்க்கவா? சாரங்கி கொப்பன்ஹேகனில் நல்ல வேலையில் இருக்கிறாள். ஆசை என்றால் உங்கள் மகளே ஒன்று வாங்கித் தருவாள்.

இலக்கத்தை அனுப்புங்கள்.

அன்புடன்,
தம்பி
இராஜநாயகம்


சிவமயம்

ரண்டர்ஸ்
12.10.2025

அன்புள்ள தம்பிக்கு,

நாயகம், எனக்குக் காது கேட்பதில்லை.

இதை எழுத இவ்வளவு நாள் எடுத்துவிட்டது. முழுச் செவிடு இல்லை. காதுக்கருவி தந்திருக்கிறார்கள், போட்டிருக்கிறேன். பக்கத்தில் நின்று கதைக்கிறவர்கள் சொல்வதை ஓரளவு மட்டுக்கட்டுவேன். போனைக் காதில் வைத்தால் மட்டும் ஒரே இரைச்சல். மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம், அதற்குள் யாரோ ஒரு ஆம்பிளை. விற்பனைக்காரர் என்று நினைத்து "பிழையான நம்பர்" என்று சொல்லி வைத்துவிடுவது என் வழக்கம். உன்னையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். நீ குளிக்கும் அறைக்குள் நின்றதை வாசித்த பிறகு நான் இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

அந்த ரப்லெட்டில் கதைத்த காலத்தில் உன் குரலைக் கேட்டா கதைத்தேன் என்று நினைக்கிறாய்? உன் வாயைப் பார்த்துத்தான் கதைத்தேன். தமிழ்ச் சொல் வாயில் எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். அதுவும் நீ கதைப்பது என்றால் பாதி சொல்ல முன்னமே விளங்கிவிடும். டெனிஷ்காரரின் வாயைப் பார்த்துப் பிரயோசனமில்லை. அவர்கள் வாயைத் திறக்காமலே கதைக்கிற சனம். கைபேசித் திரை சின்னது, என் கண்ணுக்குக் காணாது. கீறல் கூடக்கூட உன் வாய் மங்கிக்கொண்டு போனது. "முகம் தெரியேல்லை, முகம் தெரியேல்லை" என்று நான் உன்னிடம் படித்துப் படித்துச் சொன்னது அதைத்தான். நீ அதைத் திருநீற்றில் கொண்டுபோய் முடித்தாய்.

சாரங்கி ஒவ்வொரு ஞாயிறும் டெனிஷில் ஒரு மெசேஜ் அனுப்புவாள். சுகமா, மருந்து எடுத்தாயா, அவ்வளவுதான். நல்ல பிள்ளை. புது ரப்லெட் வாங்கித் தரட்டுமா என்று கேட்டாள். வாங்கி யாரைப் பார்ப்பது என்று கேட்டு வேண்டாம் என்றுவிட்டேன். எதிர்வீட்டு டெனிஷ் அம்மா பராமரிப்பு இல்லத்துக்குப் போய்விட்டார். தவமலர் வெள்ளிக்கிழமைகளில் வருவாள். மற்ற நாட்களில் நான் கதைப்பது சாமிப் படத்தோடு மட்டும்தான். அவரும் வாய் அசைப்பதில்லை.

"எங்கள் வீட்டில் திருநீறு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்" என்று எழுதியிருந்தாயே, அதை நீ மன்னிப்பாக எழுதினாய் என்று நான் எடுத்துக்கொண்டேன். நீ அப்படி நினைத்து எழுதாவிட்டாலும் பரவாயில்லை, திருப்பித் தரமாட்டேன்.

இலக்கத்தைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பூதக்கண்ணாடி வைத்துத்தான் வாசித்தேன்.

எனக்கு இரண்டு ரப்லெட் வேண்டும். ஒன்று இங்கே, ஒன்று உன்னிடம். உன்னோடு முகம் பார்த்துக் கதைக்க வேண்டும். வேறொன்றுக்கும் இல்லை.

அன்புடன்,
அக்கா


ஒடென்சே
26.10.2025

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வேலையில் வைத்துத்தான் வாசித்தேன். சாப்பாட்டு இடைவேளை முடிந்ததே தெரியவில்லை. காது இவ்வளவு மோசம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா. யாரிடமாவது சொல்லி அனுப்பியிருக்கலாமே. இரண்டு பேரும் எவ்வளவு முட்டாள்களாக இருந்துவிட்டோம்.

சரி, ரப்லெட்டே கேட்போம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இதற்குமேல் எழுதப் போவதை நீங்கள் கோபிக்காமல் வாசிக்க வேண்டும்.

எங்கள் வீடு முந்தின மாதிரி இல்லை. மனோன்மணியின் தமையன் ஜோன்சன் அண்ணை சபைக்குப் பாஸ்டராக வந்த பிறகு பின்னேரங்களில் எங்கள் வீட்டில்தான் ஜெபக்கூட்டம். ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்கும். முந்தி ஒருநாள் நீங்கள் ரப்லெட்டில் வந்தபோது நெற்றி நிறையத் திருநீறோடு வந்தீர்கள். சபைச் சகோதரிகள் இரண்டு பேர் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டார்கள். "பாஸ்டரின்ர தங்கச்சி வீட்டிலை இன்னும் இதெல்லாம் நடக்குதோ" என்று அவர்கள் கேட்டது மனோன்மணிக்குப் பெரிய வெட்கமாகப் போய்விட்டது. அவள் கெட்டவள் இல்லை அக்கா, உங்களுக்கே தெரியும். தமையனுக்கு முன்னால் தலை குனிய வேண்டி வருகிறது என்றுதான் அவளுக்குக் கவலை.

அதனால் கேட்கிறேன். நாங்கள் கதைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் நெற்றியைத் துடைத்துவிட்டு இருந்தால் என்ன? கதைத்து முடிந்ததும் திரும்பப் பூசலாம்தானே. உங்கள் நம்பிக்கையை விடச் சொல்லி நான் கேட்கவில்லை. ஒருநாளும் கேட்க மாட்டேன்.

பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தெரிவுக்கான பெட்டியில் நான் இன்னும் கோடு போடவில்லை. நீங்கள் கையெழுத்து வைத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
தம்பி


சிவமயம்

ரண்டர்ஸ்
09.11.2025

அன்புள்ள தம்பிக்கு,

நீ அந்தப் பகுதியை எழுதும்போது கை கூசியிருக்கிறது. எழுத்து எல்லாம் சரிந்து கிடக்கிறது. அதனால் எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நல்லது, சுகமாக இருந்திருக்கும்.

உண்மையைச் சொல்கிறேன், நான் செய்து பார்த்தேன். குளித்துச் சாமி கும்பிட்டுத் திருநீறு பூசிவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, ஈரத் துவாயால் நெற்றியைத் துடைத்தேன். துடைத்துவிட்டு வந்து மேசையில் இருந்தேன், நீ முன்னால் இருப்பதாக நினைத்துக்கொண்டு. பழைய ரப்லெட்டை எடுத்து முன்னால் வைத்தேன். உன்னிடம் கேட்பதற்கு எவ்வளவோ வைத்திருந்தேன், டிலக்ஷியின் படிப்பு, உன் முதுகுவலி, உன் வேலை. ஒன்றுமே வரவில்லை. திருடிவிட்டு வந்து இருக்கிறவள் மாதிரி இருந்தேன். எழும்பிப் போய்த் திரும்பப் பூசிக்கொண்டேன்.

தனிமை பொல்லாதது நாயகம். எனக்கு அது நன்றாகத் தெரியும். காலையில் எழும்பி ரேடியோவைப் போடுவேன், கேட்காது, சிவப்பு வெளிச்சம் எரிவதைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பேன். யாராவது வரமாட்டார்களா என்று வாசல் மணிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்த நாட்களும் உண்டு. அப்படிப்பட்ட எனக்கே இது ஏலாமல் இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்.

நீ ஞானஸ்நானம் எடுத்த நாள் நினைவிருக்கிறதா? அந்தக் குளிரில் கடலுக்குள் இறங்கி முழுகி எழும்பி வந்தாய். கரையில் துவாயோடு நின்றது யார்? அத்தான் வரமாட்டேன் என்று காருக்குள் இருந்துவிட்டார். நான்தான் இறங்கி வந்தேன். நெற்றியில் திருநீறோடுதான் நின்றேன். நடுங்கிக்கொண்டு வந்து என் கையிலிருந்துதான் துவாயை வாங்கினாய். அன்றைக்கு உனக்கு அது உறுத்தவில்லை.

மனோன்மணியை நான் குறை சொல்லவில்லை. அவளுக்குத் தமையன். எனக்குத் தம்பி. அவளவளுக்கு அவளவள் பாடு.

ஆகவே காசையே எடு. என் பங்கையும் டிலக்ஷியிடம் கொடு. கையெழுத்து வைத்திருக்கிறேன், கோடு போடுகிற இடத்தில் நீயே போட்டுக்கொள். எங்கள் தெருமுனையில் நின்ற சிவப்புத் தபாற்பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இதைக் கடைவரை நடந்துபோய்த்தான் போடுகிறேன். தை மாதத்தில் இருந்து கடிதங்கள் வேறு கொம்பனியிடம் போவதால் இப்போது வருகிற தபாற்காரரும் வரமாட்டாராம். அவர் உன் கடிதத்தைக் கையில் தந்து, "தம்பியா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார். அதுவும் முடிகிறது.

சுகமாக இரு. முதுகைக் கவனி.

என்றும் உன்,
அக்கா


ஒடென்சே
24.11.2025

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

பத்திரம் அனுப்பிவிட்டேன். இரண்டு ரப்லெட் என்று கோடு போட்டிருக்கிறேன்.

குசினி மேசையில் வைத்துத்தான் கோடு போட்டேன். மனோன்மணி பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்த்தாள். "ரண்டாவது ஆருக்கு?" என்று கேட்டாள்.

"அக்காவுக்கு" என்றேன்.

கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு பைப்பை நிற்பாட்டிவிட்டுச் சொன்னாள், "எனக்கு அக்காவோட ஒரு கோவமும் இல்லையப்பா. நான் அவவின்ர கையாலை எத்தினை தரம் சாப்பிட்டிருக்கிறன். ஆனா அண்ணைக்கு முன்னாலை நிண்டு மறுமொழி சொல்ல என்னாலை ஏலாது." சொல்லிவிட்டு அழுதாள். அதற்குமேல் நானும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாததற்கு அவள் மட்டும் காரணமில்லை அக்கா. ஜோன்சன் அண்ணைக்கு முன்னால் எழும்பி நிற்கிற துணிவு எனக்கும் இல்லை. இருந்திருந்தால் உங்களிடம் அப்படி ஒரு காரியத்தைக் கேட்டிருக்கவே மாட்டேன்.

ஆகவே இப்படிச் செய்வோம். எனக்கு இந்தச் சலவைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வெளியில் வர ஆறு மணி ஆகும். கார் நிற்பாட்டுகிற இடம் அந்நேரம் ஆட்கள் இல்லாமல் இருக்கும். ரப்லெட்டை வேலைப் பைக்குள் வைத்துக்கொள்கிறேன். காருக்குள் இருந்து அதில் உங்களுக்கு அழைப்பு எடுக்கிறேன். ஜெபக்கூட்டம் ஏழு மணிக்குத்தான், அதற்குமுன் வீட்டுக்குப் போய்விடலாம். நீங்கள் இருக்கிறபடியே இருங்கள். துடைக்க வேண்டாம்.

இது மரியாதையான ஏற்பாடு இல்லை என்று தெரியும். பெற்ற தாய்க்குச் சமமான அக்காவோடு காருக்குள் ஒளித்திருந்து கதைக்கிறவன் என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்தாலும் பிழையில்லை. இப்போதைக்கு என்னால் ஏலுமானது இவ்வளவுதான்.

டிசெம்பர் பத்து அளவில் ரப்லெட் உங்கள் கைக்கு வரும் என்கிறார்கள். வந்தால் ஒரு வரி எழுதுங்கள். பதினைந்தாம் தேதி திங்கட்கிழமை எடுக்கிறேன்.

வேண்டாம் என்றாலும் எழுதுங்கள்.

அன்புடன்,
தம்பி
நாயகம்


சிவமயம்

ரண்டர்ஸ்
10.12.2025

அன்புள்ள தம்பிக்கு,

ரப்லெட் நேற்று வந்தது. தவமலரின் மருமகன் வந்து எல்லாவற்றையும் போட்டுத் தந்துவிட்டான். மேலே ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக்கை உரிக்க வேண்டாம், அப்படியே இருந்தால் கீறாது என்று தவமலர் சொன்னாள். நான் உரித்துவிட்டேன். எனக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

உன் கடிதத்துக்கு முதலில் ஒரு பதில் எழுதினேன். களவாய்க் கதைக்கிற தம்பி எனக்கு வேண்டாம், வாசலால் வருகிற தம்பிதான் வேண்டும் என்று. நன்றாகத்தான் எழுதியிருந்தேன். உறையை ஒட்டி, ஜக்கெட் போட்டு, சப்பாத்தும் போட்டுவிட்டேன். பிறகு கதிரையில் இருந்து அதைக் கிழித்தேன். வாசலால் வருகிற தம்பிக்கு எத்தனை வருடம் காத்திருப்பது? எனக்கும் வயது போகிறது.

திங்கட்கிழமை இருப்பேன். ஆறு மணிக்கு என்றால் நான் ஐந்தரைக்கே வந்து மேசையில் இருந்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும்தானே. நீ அவதிப்பட்டு ஓடிவர வேண்டாம். குளிருக்கு ஜக்கெட்டைக் கழற்றாமல் இரு. மெல்லமாகக் கதை, வாயைத் திறந்து கதை, டெனிஷ்காரர் மாதிரி முணுமுணுக்காதே.

இன்னும் ஒன்று. இந்த மாதத்தில் ஆறு மணி என்றால் வெளியில் கும்மிருட்டு. காருக்குள் இருக்கிற லைட்டைப் போட்டுவிட்டு எடு. லைட்டைப் போட்டால் போகிற வருகிற ஆட்களுக்கு உன்னைத் தெரியும் என்று யோசிப்பாய். தெரிந்தால் தெரியட்டும். எனக்கு உன் முகம் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அக்கா